தையல் கடைக்கு வந்த பிரஷ்

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மனைவிக்கு,

உன் மூத்த நாத்தனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம். கடையில் தையல் மிஷின் எங்களைவிட நலம். அதற்குக் காரணம் நீதான். போனில் சொன்னால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வரவைக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே நாமே மாதிரி எடுக்கலாம் என்று ஒரு பிரஷ் அனுப்பினாயே, பார்சல் வந்தபோது நான் ஒரு அம்மாளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரர் பிரித்துவிட்டார். நீளக் குச்சி, நுனியில் மெல்லிய பிரஷ், கூடவே மூடி போட்ட ஒரு குழாய். "தம்பி பொண்டாட்டிக்கு நம்ம மிஷின் மேல எவ்வளவு அக்கறை பாரு" என்று சொல்லி, பாபின் பக்கம் சேர்ந்திருந்த பஞ்சையெல்லாம் வழித்தெடுத்து, அந்தக் குழாயிலேயே போட்டு மூடியும் வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

நீ சும்மா இருந்தாயா? "கடைப் பெண்களுக்கும் குடுங்கக்கா" என்று ஒரு பெட்டி நிறைய அனுப்பினாய். கொடுத்தேன். காஜா எடுப்பவள் தொடாமலே பார்த்து, "உள்ள போய் தொலைஞ்சுட்டா யாருக்கா தேடுறது?" என்றாள். கொக்கி தைப்பவள், "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கு வம்பை வெலைக்கு வாங்கணும்?" என்றாள். அயர்ன் பண்ணுகிறவளின் பயம் வேறு: "தப்பா எடுத்துட்டு, அங்க உங்க தம்பி வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சா?"

தொந்தரவே தெரியாமல் அது வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் என்றும், வைரஸ் இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றும் நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். காதில் ஏறவில்லை. சாக்பீஸை எடுத்து, வெட்டும் மேஜையில் விரித்திருந்த துணியில் கர்ப்பப்பையை வரைந்தேன். இரண்டு பக்கமும் குழாய், கீழே கழுத்து, பிரஷ் எதுவரை போகும் என்று காட்ட ஓர் அம்புக்குறி. அந்த நேரம் பார்த்து ரவிக்கை வாங்க வந்த, வங்கியில் வேலை பார்க்கும் அம்மா எட்டிப் பார்த்து, "இந்தக் கழுத்து நல்லாருக்கே. எனக்கும் இதையே வச்சுடுங்க. முன்னாடியா, பின்னாடியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கொக்கி தைப்பவள், "பின்னாடிதாம்மா எடுப்பா இருக்கும்" என்று ஆர்டர் எடுத்துவிட்டாள். தைத்தும் கொடுத்தாயிற்று. இப்போது அந்த வங்கியிலிருந்து பெண்கள் வரிசையாக வந்து, "அம்புக்குறி மாடல்" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல, எங்கே போய் முட்டிக்கொள்ள?

ஆகவே மூத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இனி இப்படி எதையும் அனுப்பாதே. இது மானமாகத் தொழில் நடக்கிற இடம். இங்கே ஒருத்தியும் அதைத் தொடப்போவதில்லை; நானும்தான். தம்பியை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீயும் நன்றாக இரு, உன் மைக்ராஸ்கோப்பும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் நாத்தனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் காஜா எடுப்பவள் குளியலறையிலிருந்து வந்து, "அக்கா, இதைவிட காது கொடையறதுக்குத்தான் பயப்படணும்" என்று குழாயை என் கையில் வைத்தாள். அதன்பிறகு மற்ற இருவருக்கும் யார் முதலில் போவது என்று சண்டை. கடைசியாக நான் போனேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மா ரத்தப்போக்கை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, கடைசியில் டாக்டர் கையை விரித்தபோது பக்கத்தில் நின்றவள் நீ. ஏன் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாதா? எடுத்துவிட்டேன். எல்லாருடைய குழாய்களும் இத்துடன் வருகின்றன. என்னுடையதில் ஏதாவது இருந்தால் தம்பியிடம் சொல்லாதே, என்னிடம் சொல். நான் பயப்பட மாட்டேன். ஆனாலும் லீவு போட்டுவிட்டு நேரில் வந்து சொல்.