மாமாவின் சாய்மனைக் கதிரை

இந்த வீட்டில் இனி எல்லாம் சட்டப்படிதான் நடக்கும் என்று ஒரு காலையில் முடிவெடுத்தேன். திருமணத்துக்குப் பின் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

காரணம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். கொக்குவிலில் உள்ள தன் வீடு, வளவு, தளபாடம் எல்லாவற்றையும் மாமனார் பொன்னம்பலம் தன் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக உறுதிப்பத்திரம் எழுதினார். அதைப் பராமரிக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளராக என்னைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். ஒரு பிள்ளை ரொறன்ரோவில். ஒன்று மெல்பேணில். மற்றது என் மனைவி பத்மாசினி. திருமணத்தோடு லண்டனை விட்டு வந்து நாங்கள்தான் இங்கே இருக்கிறோம். மாமாவுக்கு என்னில் இவ்வளவு நம்பிக்கை இருந்தது எனக்கே புதினம். தன் சாய்மனைக் கதிரையில் தலை துடைக்கும் துவாயைக்கூடப் போட விடாத மனிதர்.

அந்தக் கதிரையில்தான் நான் படுத்திருந்தேன். பத்மாசினி மாம்பழங்களைப் பையில் அடுக்கினாள்.

"ஆருக்கு?"

"உரும்பிராயிலை இருக்கிற என்ரை சின்னம்மாவுக்கு."

சின்னம்மாவுக்குப் போனால் எனக்கு அணில் கடித்ததுதான் மிஞ்சும்.

"குடுக்க ஏலாது. அவ பயனாளி இல்லை. பொறுப்பாளர் நான் விட்டால் கடமை தவறினதாப் போகும்."

"ஆர் சொன்னது?"

"மாமாவின்ரை உறுதியை எழுதின நொத்தாரிஸ் அருட்செல்வன்."

"வேறை என்ன சொன்னவர்?"

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு மொழியில் படித்தவனுக்கு ஒரு மொழியிலும் வாயை மூட வராது.

"பொறுப்பாளர் எல்லாப் பயனாளியளையும் ஒரே மாதிரிப் பாக்கவேணும். தன்ரை வேலையை மற்றவை தலையிலை கட்டக்கூடாது. பொதுச்சொத்திலை தான் ஒரு பயனும் எடுக்கக்கூடாது."

அவள் பழங்களைத் திரும்பப் பனையோலைக் கடகத்தில் போட்டாள். வென்றுவிட்டேன்.

மத்தியானம் சோறு வந்தது. மாம்பழம் வரவில்லை.

"எனக்கு?"

"நீங்கள் பயனாளியே?"

"நான் உம்மடை புருசன்."

"உறுதியிலை அப்பிடி ஒரு வரி இல்லை."

பயனாளி என்ற முறையில் அவள் ஒரு பழத்தைக் கொட்டைவரை சூப்பினாள். நான் கதிரைப் பக்கம் போனேன்.

"உதுவும் தளபாடம்தான். பாயைப் போட்டுப் படுங்கோ, என்ரை பங்கிலை இடம் தாறன்."

பின்னேரம் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வீடியோ அழைப்பு. தங்கள் பங்குப் பழம் சின்னம்மாவுக்கே போகட்டும் என்றார்கள் இருவரும். என்ரை பங்கும் என்றாள் பத்மாசினி.

"இந்தப் பொறுப்பிலையிருந்து நான் விலகிறன்," என்றேன்.

"எல்லாரும் சம்மதிக்கவேணுமெல்லே. எனக்குச் சம்மதமில்லை," என்றாள் பத்மாசினி. "உங்களைப்போல நேர்மையான ஆள் எங்களுக்கு எங்கை கிடைப்பார்?"

கடகம் என் கையில் ஏறியது. "மற்றவை தலையிலை கட்டக்கூடாதாம். நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

உரும்பிராயில் சின்னம்மா ஒரு பழத்தை வெட்டினார். மணம் மூக்கைத் துளைத்தது. எனக்குப் பால் விடாத பிளேன்ரீ வந்தது.

"நீங்கள் தொடமாட்டியளாம். பத்மா போன் எடுத்துச் சொன்னவள், தம்பி."

"பரவாயில்லைச் சின்னம்மா. மாமா என்னை நம்பித் தந்த பொறுப்பு."

சின்னம்மா ஒரு துண்டை வாயில் போட்டு ஆறுதலாக மென்றார்.

"நம்பியோ? கலியாணத்துக்கு அடுத்த நாளே நீங்கள் அத்தான்ரை கதிரையிலை ஏறிப் படுத்தனீங்கள். 'உவனை எழுப்ப வேறை வழி தெரியேல்லை' எண்டுதான் அத்தான் உங்களைப் பொறுப்பாளராப் போட்டு உறுதி எழுதினவர்."