எலுமிச்சம்பழம் வெச்ச ஜப்பான் வண்டி

முன் சக்கரம் எலுமிச்சம்பழத்து மேல ஏறி அது 'பச்சக்'னு நசுங்குன நொடியிலதான் எல்லாம் கெட்டுது. அபிஷேக்குக்கு அப்ப தெரியல.

"நிறுத்தாம தள்ளுடா!"ன்னு அம்மா பிரபாவதி கற்பூரத்த சுத்திகினு இருந்தாங்க. மாமா ராஜாராம், சந்தனமும் குங்குமமும் அப்புன டேங்குல கைய வெச்சு போட்டோவுக்கு சிரிச்சாரு. ஹார்பர்லேந்து மினி லாரியில வந்த பைக்கு நம்ம மண்ண மொதல்ல தொட்ட எடம் அது. பூஜை போடாம எப்படி?

ஆனா அந்த எடம் செங்கல்பட்டு 'அயல்நாட்டு உபயோகித்த வாகன மதிப்பீட்டு உதவிக் கிளை' ஆபீசு வாசல். மாடி ஜன்னல்ல மதிப்பீட்டாளர் கஸ்தூரிரங்கன் காபி டம்ளரோட நின்னு பார்த்துகினு இருந்தாரு.

மாமா மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு, 2003ல ஒரேயடியா அணுபுரத்துக்கு, அக்கா வூட்டுக்கே வந்துட்டாரு. அங்க ஓட்டுன நானூறு சிசி ஜப்பான் பைக்கயும் கப்பல்ல ஏத்திட்டாரு. முதுகு வலி, இனிமே ஓட்ட முடியாது. "பேப்பர் வந்துட்டா சாவி உனக்குடா மாப்ள"ன்னாரு. அன்னிலேந்து அபிஷேக்குக்கு சோறு எறங்கல. மகாபலிபுரத்துலேந்து கோவளம் வரைக்கும் ஈசிஆர்ல ஒரே ஒரு ஓட்டு, அது போதும் அவனுக்கு!

பழைய வண்டின்னா சட்டம் வுட்டுடும். புதுசுன்னா வரி வண்டிய விட பெருசு. 'இது பழசுதான்'னு கஸ்தூரிரங்கன் ஒரு கையெழுத்து போடணும். அவ்ளோதான்.

"வண்டி புதுசு"ன்னாரு அவரு.

"சார்! சீட்டு கிழிஞ்சிருக்கு, சைலன்சர் துருப்பிடிச்சிருக்கு. மீட்டர பாருங்க சார்!"

"மீட்டர் பொய் சொல்லும் தம்பி. பக்தி பொய் சொல்லாது. பழைய வண்டிக்கு எவனாவது எலுமிச்சம்பழம் வெப்பானா?"

"எங்களுக்குப் புதுசுதானே சார்"ன்னாங்க அம்மா, நல்ல மனசோட.

"அப்பாசாமி! உரிமையாளர் தரப்பே ஒப்புக்கொண்டாச்சு. எழுதிக்கோ."

பியூன் அப்பாசாமி எழுதினாரு: 'மேற்படி வாகனம் சாஸ்திர சம்பிரதாயங்களின்படி புதியது எனத் தெரியவருகிறது.'

மாமா வுடல. இந்த வண்டியில வுழுந்துதான் முதுகு போச்சுன்னு எக்ஸ்ரேவ எடுத்துகினு வந்தாரு. கஸ்தூரிரங்கன் அத வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு மரியாதையா பார்த்தாரு.

"முதுகு பழசுன்னு நிரூபணமாகுது. வண்டி தெரியலியே?"

"பூஜைய கேன்சல் பண்ணிடலாமா சார்?"ன்னாரு மாமா.

"தாராளமா. சம்பந்தப்பட்ட தெய்வத்திடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று கொண்டு வாங்க."

பைக்கு ஆபீசு ஷெட்டுக்குள்ள போச்சு. பக்கத்துல ஆபீசு ஜீப்பு. நாலு பேரு தள்ளுனாதான் ஸ்டார்ட் ஆவும், அதுவும் அது மனசு வெச்சா. புது ஜீப்பு கேட்டு கஸ்தூரிரங்கன் வருஷா வருஷம் தலைமை ஆபீசுக்கு எழுதிகினே இருந்தாரு.

ஆயுத பூஜைக்கு மொத நாளு அபிஷேக் பைக்க பாக்கப் போனான். அப்பாசாமி ஜீப்புக்கு மாலை போட்டு, பூசணிக்கா ஒடைச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சுகினு கீறாரு!

"இன்னா தம்பி, பொரி துன்றியா?"

பொரியாவது! நாலு நாலு படியா தாவி மேல ஓடினான். "சார்! உங்க ஜீப்புக்கும் பூஜை! அப்ப அதுவும் புதுசா சார்?"

கஸ்தூரிரங்கன் எறங்கி வந்தாரு. ஜீப்ப ஒரு சுத்து சுத்துனாரு. மனுஷன் நேர்மையானவரு. அதான் பிரச்சனையே.

"எத்தன பழம்?"

"நாலு சார்."

"உங்க வண்டிக்கு ரெண்டுதான். அப்ப இது ரெட்டிப்பு புதுசு."

அன்னிக்கு சாயங்காலமே ஆணை பறந்துச்சு. ஜீப்பு புதுசு. புது வண்டிக்குப் பழைய நம்பர் செல்லாது. நம்பர் இல்லாத வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது. தலைமை ஆபீசும் பதில் போட்டுது: 'தங்கள் வசம் ஏற்கனவே புதிய ஜீப் இருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

இப்ப மதிப்பீட்டாளரும் அபிஷேக்கும் ஒரே பஸ்ஸு, ஒரே கம்பி. "உன் கேள்வி நியாயமான கேள்விப்பா"ன்னு அவரு சொல்லுவாரு. இவன் பல்லக் கடிச்சுகினு தலையாட்டுவான்.

நேத்து பஸ்ஸு டிரைவர் சீட்டுல ஏறுறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கு மாலைய மாட்டிட்டு, முன் டயருக்குக் கீழ எதையோ உருட்டி வெச்சாரு. மஞ்சளா இருந்துச்சு. கஸ்தூரிரங்கன் கை சட்டப் பையில பேனாவ தேடிச்சு.

"சார்! வேணாம் சார்! எல்லாரும் வூட்டுக்குப் போவணும் சார்!"

"கடமைன்னு ஒண்ணு இருக்கே, தம்பி."

திருக்கழுக்குன்றம் பஸ்ஸு அங்கயே நின்னுச்சு. அம்பது பேரும் எறங்கி நடந்தாங்க. மொத ஆளா கஸ்தூரிரங்கன்.

ஆமா, உங்க வூட்டு வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வெச்சீங்கதானே? வெச்சப்ப, மாடி ஜன்னல்ல யாராவது காபி குடிச்சுகினு நின்னாங்களா?