என் பிரிண்டரை யோக்கியனாக்கிய கதை

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சபதம் எடுத்தேன். குடியை விடுவதாக இல்லை. விடுகிற அளவுக்கு நான் குடிப்பதில்லை. என் பிரிண்டரை யோக்கியனாக்குவது என்று.

எனக்குக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பைத்தியம். என் பிரிண்டருக்குக் கறுப்பும் பிடிக்காது, வெள்ளையும் பிடிக்காது. கணினித் திரையில் மூடுபனிக்குள் ஓர் ஆடு நிற்கும். தாளில் மூடுபனி மட்டும் வரும். ஆடு எங்கே என்று மையைக் கூட்டினால், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்துவிட்டு நேராக வந்த மாதிரி ஓர் ஆடு வரும். மூடுபனி போய்விடும்.

நான் இரவு முழுக்க பன் தொழிற்சாலையில் நிற்கிறவன். பன் மேல் சர்க்கரைப் பாகு ஊற்றும் இயந்திரத்துக்குக் காவல். பகலில் தூக்கம். ஊர் உலகத்துக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று இருந்தால் எனக்கு மாலை ஒன்றுதான். எங்கள் ஊரான ஹடர்ஸ்ஃபீல்டின் குன்றுகள் மேல் அதுவும் பாதி நாள் மழையாகத்தான் வரும். அந்த ஒரு மாலையை வைத்துக்கொள்ள எனக்கு இருந்த இடம் எங்கள் வீட்டுப் பின்னறை. பிரிண்டர், ஸ்கேனர், மைப் புட்டிகள், நான். வேறு ஒருவரும் உள்ளே நிற்க முடியாது.

அந்த அறை மேல்தான் என் மனைவி டெனீஸுக்குக் கண்.

"எனக்கு அந்தப் பின்னறை வேணும், நெவில்."

"எதுக்கு?"

"உக்கார."

"கூடத்துல நாற்காலி இருக்கே."

"கூடத்துல நீ குறட்டை விடுற சத்தம் கேக்குது. நான் பல் டாக்டர்கிட்ட காலை பூரா போனை எடுத்து அடுத்தவன் பல்வலியைக் கேக்குறேன். மதியம் வீட்டுக்கு வந்தா உன் மூக்கைக் கேக்குறேன்."

"அது என் ஆய்வுக்கூடம், டெனீஸ்."

"ஆய்வு பண்ணி என்ன கண்டுபிடிச்ச? ரெண்டு வருஷமா மைதான் காலியாகுது."

அப்போதுதான் வாய் என்னைக் கவிழ்த்தது. "மார்ச்சுல புகைப்படச் சங்கத்துல வருஷாந்திரப் போட்டி. கோப்பை எனக்கு. பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

"வரலேன்னா?"

"வரலேன்னா அறை உனக்கு."

"கை குடு கண்ணு" என்றாள். அவ்வளவு வேகமாக அவள் என் கையைப் பிடித்தது கல்யாணத்தன்றுகூட இல்லை.

போட்டியில் ஜெயிக்க முதலில் பிரிண்டர் உண்மை பேச வேண்டும். பேசுகிறதா என்று அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் விலையைச் சொன்னால் டெனீஸ் என்னையும் சேர்த்து விற்றுவிடுவாள். ஏழைக்கு ஒரு வழி உண்டு: ஸ்கேனர். வெள்ளையில் தொடங்கிப் படிப்படியாகக் கறுப்புக்கு இறங்கும் சாம்பல் கட்டங்களைத் தாளில் அச்சடிக்க வேண்டும். ஒரு நாள் காய விட வேண்டும். பிறகு ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டால், எந்தக் கட்டம் எவ்வளவு கறுப்பு என்று அது எண்ணாகச் சொல்லும். எங்கே தப்போ அங்கே மையைக் கூட்டிக் குறைத்து ஒரு வளைகோடு போட்டு பிரிண்டருக்கு ஊட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் ஸ்கேனரும் பொய் சொல்லும். எனவே சரியான அளவு தெரிந்த ஒரு சாம்பல் பட்டையைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேனர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு திருடனை வைத்து இன்னொரு திருடனைப் பிடிக்கிற வேலை. நடுவில் ஒரு பாதிரியாரையும் உட்கார வைக்க வேண்டும்.

முதல் மாதம் அமோகம். எதை அச்சடித்துப் போட்டாலும் ஸ்கேனர் "பிரமாதம்" என்றது. டெனீஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"தாள்ல கரியா இருக்கு. திரையில நல்லா இருக்கே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"இது என்ன, இங்க ஒரு டிக்? 'தானாகவே சரிசெய்'னு போட்டிருக்கு."

பார்த்தேன். ஸ்கேனர் ஒரு மாதமாக என் தப்பையெல்லாம் தானே திருத்தி, திருத்தியதை அளந்து, எனக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த அம்மாவும் பிள்ளைக்கு இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை.

"அது... சோதனைக்காக வச்சிருந்தேன்."

"ஓ. ஒரு மாசமா யாரைச் சோதிச்ச?"

டிக்கை எடுத்தேன். அவள் போகாமல் நின்றாள். கட்டங்களை ஏன் காய விட வேண்டும், மூடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும், வளைகோட்டை எங்கே மாற்றுவது என்று கேட்டாள். கல்யாணமான இத்தனை காலத்தில் என் பேச்சை அவள் குறுக்கே வெட்டாமல் கேட்டது அன்றுதான். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை.

பிறகு விசித்திரங்கள் தொடங்கின. மை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்தது. இரவுச் சாப்பாட்டுக்குத் தினமும் முட்டைகோஸ். வேகவைத்த முட்டைகோஸ், வெண்ணெயில் வதக்கிய முட்டைகோஸ், உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரித்த முட்டைகோஸ். பன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கிறவன் வேறு வரிசைக்கு மாற்றல் கேட்டான்.

"மறுபடியும் இதுவா, டெனீஸ்?"

"உடம்புக்கு நல்லது கண்ணு. போட்டிக்கு நீ தெம்பா இருக்கணும்ல?"

ஒரு மாலை சாம்பல் கட்டங்கள் திடீரென்று புத்தி பேதலித்தன. வெள்ளைக்கு அடுத்த கட்டம் அதற்கடுத்த கட்டத்தைவிடக் கறுத்திருந்தது. ஈரப்பதம் என்று நினைத்தேன். தாளை மாற்றினேன். ஒரு வாரம் வளைகோட்டைப் பிசைந்தேன். கடைசியில் ஸ்கேனர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு.

"டெனீஸ்! கண்ணாடியில என்னவோ ஒட்டியிருக்கு!"

"உன் கைதான். ராத்திரி பூரா சர்க்கரைப் பாகுல நிக்கிற. கழுவாம வந்து தொடுற."

நியாயம்தானே. வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து பின்னறைக்குள் நுழையுமுன் டாக்டர் மாதிரி முழங்கை வரை கழுவினேன். அவளும் பெரிய மனசோடு, "கவலைப்படாத, தினமும் மத்தியானம் நானே கண்ணாடியைத் துடைச்சு வைக்கிறேன்" என்றாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு போய்ப் படுத்து, அவள் கண்ணாடி துடைக்கிற மத்தியானங்களில் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி முடிவில் பிரிண்டர் யோக்கியனாகிவிட்டான். கட்டங்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. போட்டிக்கு என் படம்: பனியில் ஒரு மரக் கேட். பனியின் வெள்ளைக்குள்ளேயே எத்தனை வெள்ளை என்று எண்ணலாம்.

போட்டி, தேவாலயத்தின் பின்கூடத்தில். எங்கள் சங்கத்தில் ஒரு மரபு. படத்தைப் பலகையில் வைத்துத் தலைப்பை மட்டும் வாசிப்பார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். வெளியூர் நடுவர் வாய்க்கு வந்தபடி பேசலாம். தன் படம் அடிவாங்கும்போது முகத்தை மாற்றாமல் பக்கத்து நாற்காலிக்காரனைப் பரிதாபமாகப் பார்க்க வேண்டும். இதை நன்றாகச் செய்கிறவர்களைத்தான் சங்கத்தில் மூத்தவர்கள் என்போம்.

இதுவரை அங்கே எட்டிப் பார்க்காத டெனீஸ் அன்று நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்தாள். எனக்குப் பெருமை. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் தலைப்புப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு சங்கச் செயலாளர் பெர்னார்ட்.

என் கேட் பலகைக்கு ஏறியது. லீட்ஸிலிருந்து வந்த நடுவர் மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"அருமையான அச்சு. ஒரு சாம்பல்கூடக் காணாமப் போகலை. இதைச் செஞ்சவர் ராப்பகலா உழைச்சிருக்கார்." நான் நிமிர்ந்தேன். "ஆனா இது ஒரு கேட். பூட்டின கேட். பூட்டியே இருக்கட்டும்னு தோணுது."

பெர்னார்டைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

அடுத்த படம். பெர்னார்ட் தலைப்பை வாசித்தார்: "என் கணவர் யோசிக்கிறார்."

கிணற்று இருட்டு மாதிரிக் கறுப்பு. அதன் நடுவில், உள்ளிருந்தே ஒளிர்கிற மாதிரி, சரிபாதியாக வெட்டிய ஒரு முட்டைகோஸ். அசல் மூளை. மடிப்புக்குள் மடிப்பு, அதற்குள் இன்னும் மடிப்பு.

கூடமே குலுங்கியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். "பாவம், எவனோ!" என்று பெர்னார்டின் தொடையில் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொடையை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டார்.

"சுத்திச் சுத்தி அத்தனை அடுக்கு, நடுவுல ஒண்ணுமே இல்லை!" என்றார் நடுவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேமராவே இல்லாம ஸ்கேனர் கண்ணாடி மேல வச்சு எடுத்திருக்காங்க. மூடியைத் திறந்து வச்சு, திரைச்சீலையை மூடிக்கிட்டு. அச்சும் அந்தக் கேட் அச்சு மாதிரியே துல்லியம். ஆனா இதுல விஷயம் இருக்கு. கோப்பை இதுக்குத்தான்."

குளிர்காலம் முழுக்க நான் தின்ற முட்டைகோஸ், கண்ணாடியின் பிசுபிசுப்பு, தீர்ந்துபோன மை எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணினேன்.

"டெனீஸ் ஹார்காசில்" என்று வாசித்தார் பெர்னார்ட்.

பக்கத்தில் நல்ல கோட்டு எழுந்தது. நானும் எழுந்தேன். "அவ உறுப்பினரே இல்லையே!"

"செப்டம்பர்லயே சேர்ந்துட்டாங்க, நெவில். 'அவர்கிட்ட சொல்லாதீங்க, திடீர்னு சந்தோஷப்படுத்தணும்'னாங்க."

"அது என் பிரிண்டர்! என் ஸ்கேனர்! அந்த வளைகோடு நான் போட்டது!"

நடுவர் என்னை ஆர்வமாகப் பார்த்தார். "அப்படியா? அப்ப உங்க படம் எது?"

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த என் கேட்டைப் பார்த்தேன். மறுபடியும் பெர்னார்டைப் பார்த்தேன்.

"அவர் யோசிக்கிறார்" என்றாள் டெனீஸ்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மழை. அச்சு மோசம் என்று வாதாடலாம் என்றால், அந்த அச்சு என் ஆயுளின் சிறந்த வேலை. பிரிண்டரைப் பொய்யனாகவே விட்டிருந்தால் அவள் முட்டைகோஸ் கரிக்கட்டையாக வந்திருக்கும்; அறை போனாலும் மானம் போயிருக்காது.

வாக்கு வாக்குதான். கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போய் ஸ்கேனரின் வயரைப் பிடுங்கி, அதை இரண்டு கையாலும் தூக்கினேன். மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ஈரம்தான், இருந்தாலும் இடம்.

டெனீஸ் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அதை எங்க கண்ணு தூக்குற?"

"அறையைக் காலி பண்ணுறேன்."

"அது இருக்கட்டும், அப்படியே வை" என்றாள். "நீ மட்டும் வெளிய வா."