பஞ்சுக் குச்சியும் பட்டத்துக் காளையும்

ஏழு கடல், ஏழு மலை எல்லாம் தாண்ட வேண்டியதில்லை; ஒரே ஓர் ஆற்றைத் தாண்டினால் மந்தைபுரி வந்துவிடும். மக்களைவிட மாடுகள் அதிகமாகவும், மாடுகளைவிட அமைச்சர்கள் கொழுப்பாகவும் இருந்த நாடு அது. அரசர் பரிசுத்தவர்மர் நல்லவர். கெட்ட யோசனை எதையும் அவராக யோசித்ததில்லை. அதற்கென்று துறைகள் வைத்திருந்தார்.

அக்கரை நாட்டு அரசர் ஒருமுறை விருந்துக்கு வந்தபோது தம் வேட்டை நாயையும் கூட்டி வந்தார். நாயின் முப்பாட்டன் பெயர், முப்பாட்டி பெயர் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பரிசுத்தவர்மருக்குத் தம் முப்பாட்டன் பெயரே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. உடனே தூர தேசத்திலிருந்து மரபணுச் சோதனைப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். மிருகத்தின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்தால், பஞ்சில் ஒட்டியிருக்கும் எச்சிலைப் படித்துக் குலத்தைச் சொல்லிவிடும்.

முதல் ஆணை பிறந்தது. சோதனை முடியும்வரை எந்தக் காளையும் எந்தப் பசுவோடும் சேரக்கூடாது. மீறினால் காளைக்குக் காயடிப்பு. உரிமையாளருக்கு என்ன அடிப்பது என்பது பரிசீலனையில் இருந்தது.

ஆற்றோரத்தில் பூவாயி என்றொருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, நிலம் இல்லை. மயிலை என்ற ஒரே பசு. மயிலை சினை பிடித்துக் கன்று போட்டால்தான் பால், பால் கறந்தால்தான் அடுப்பில் உலை. பால் வற்றிப்போன மயிலை பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்தது. ஊர்ப் பொதுக்காளையான செவலையோ பூட்டிய தொழுவத்துக்குள் நின்று பதிலுக்குக் கத்தியது.

சோதனை அலுவலர் தண்டபாணியார் வந்தார். மந்தைபுரி அதிகாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விரலை நாக்கில் தொடாமல் ஒரு தாளையும் புரட்ட மாட்டார்கள். அரண்மனைக் கோப்புகள் கோடையிலும் ஓரத்தில் ஈரமாகவே இருக்கும். தண்டபாணியார் அந்த மரபில் ஊறியவர். குச்சியை எடுத்தார், பஞ்சை நாக்கில் நன்றாகப் புரட்டி நனைத்தார், பிறகு மயிலையின் வாய்க்குள் விட்டார். மயிலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொகையில வாசம் அதுக்கு ஆகாதுங்க" என்றாள் பூவாயி.

"அது அரசாங்க வாசம். பழகிக்கொள்ளச் சொல்."

"மாடு கத்திக் கத்தி ஓயுதுங்க. முடிவு எப்பங்க வரும்?"

"முடிவு வந்த பிறகு தெரிவிக்கப்படும்" என்றார் தண்டபாணியார்.

இப்படியே நாடு முழுக்கச் சுற்றினார். முடிவு வந்தபோது அரண்மனையே அசந்துபோனது. பசு, எருமை, வெள்ளாடு, கழுதை, வணிகர் வீட்டு மடிநாய் எல்லாம் ஒரே குலம் என்றது பெட்டி. தட்டிப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், அதையே சொன்னது. அரசர் கண்கலங்கி, "ஒரே மந்தை, ஒரே குலம்" என்று எல்லாச் சுவரிலும் எழுதச் சொன்னார்.

ஒரே குலத்துக்கு ஒரே தீனி என்றது அடுத்த ஆணை. நாய்களுக்கு வைக்கோல் போடப்பட்டது. எருமைகள் கோட்டைக் காவலுக்கு நிறுத்தப்பட்டன. திருடனைக் கண்டும் குரைக்காத ஓர் எருமையிடம் விளக்கம் கேட்டார்கள். அதற்கடுத்த ஆணைதான் பூவாயியின் தலையில் கல்லைப் போட்டது. பங்காளிகளுக்குள் சம்பந்தம் பாவம் என்பதால், இனி நாட்டில் எந்த மிருகமும் எந்த மிருகத்தோடும் சேரக்கூடாது.

பூவாயி அரண்மனைக்குப் போனாள். குலத்துறை அமைச்சர் குலவிளக்கர் அரசருக்கு அருகில் அமர்ந்திருந்தார்.

"மயிலைய நான் தெக்கத்திச் சந்தையில புடிச்சனுங்க சாமி. செவலை எங்கூர்லயே பொறந்தது. ரண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அண்ணன் தங்கை" என்றார் குலவிளக்கர்.

"பக்கத்தூட்டு வெள்ளாடுங்க?"

"சித்தப்பா."

"இந்தப் பருவமும் போச்சுன்னா நான் பட்டினிதானுங்க."

"குலமானத்தைவிட வயிறு பெரிதா? வேற்றுக் குலத்துக் காளை ஒன்றைக் காட்டு. சட்டம் விலகி வழிவிடும்."

பூவாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அரசருக்குப் பின்னால், பட்டுப் போர்வையும் வெள்ளிச் சங்கிலியுமாகப் பட்டத்துக் காளை அசை போட்டுக்கொண்டிருந்தது. நாட்டின் கொடியிலும் நாணயத்திலும் இருந்த காளை அது.

"இதச் சோதிச்சாச்சுங்களா சாமி?"

யாரும் சோதிக்கவில்லை, சந்தேகம் இருந்தால்தானே சோதிப்பார்கள். அரசர் நம்பிக்கையோடு ஆணையிட்டார். ஆனால் பட்டத்துக் காளையின் வாயில் ஓர் அலுவலரின் எச்சில் படலாமா? தண்டபாணியாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பஞ்சைப் பன்னீரில் நனைத்துத் தங்கத் தட்டில் கொண்டுவந்தார்கள்.

பெட்டி தயங்கவேயில்லை. வேற்றுக் குலம் என்றது.

"அப்ப மயிலைய ஓட்டிட்டு வரட்டுங்களா?" என்றாள் பூவாயி. அத்தனை நாளில் அன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

அவளை வெளியே அனுப்பிவிட்டு அமைச்சரவை கூடியது. நெடுநேரத்துக்குப் பிறகு குலவிளக்கர் எழுந்தார். "பட்டத்துக் காளை அந்நியமாக இருக்க முடியாது. அதோடு ஒத்துப்போகாதவைதான் அந்நியம். ஆகவே, நாட்டிலுள்ள மற்ற மிருகங்கள் அனைத்தும் அந்நியம். தலைமுறை தலைமுறையாக நம் புல்லைத் திருட்டுத்தனமாகத் தின்று வந்திருக்கின்றன." இதில் யாருக்கும் பிழை தெரியவில்லை. பிழை தெரிந்தவர்களை அந்தச் சபையில் சேர்ப்பதும் இல்லை.

அந்நிய மிருகங்கள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களே தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். மாடு இல்லாமல் அங்கே இருந்து என்ன செய்வது? பூவாயி மயிலையின் கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் அழுதுகொண்டே நடந்தாள். நடு ஆற்றில் மயிலை தலையைத் தூக்கி ஒருமுறை கத்தியது.

பட்டத்துக் காளைக்கு ஆணைகளைப் படிக்கத் தெரியாது. சங்கிலியை அறுத்தது, ஆற்றில் இறங்கும் முறை வரும்வரை மதிலோரம் காவலுக்கு நின்ற எருமையைத் தாண்டியது, ஆற்றில் பாய்ந்தது. வீரர்கள் கரைக்கு வந்து சேர்வதற்குள் அக்கரையில் காரியம் முடிந்திருந்தது. சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. இரண்டும் வேறு வேறு குலம்.

"நல்ல வேளைக்கு வந்த சாமி" என்று காளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள் பூவாயி. இக்கரையிலிருந்து வீரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். காளை திரும்பியே பார்க்கவில்லை.

மந்தைபுரியில் மூன்று வேளையும் மேளம் முழங்கியது. குலத்துறை இறுதி அறிக்கையைத் தயாரித்தது: நாட்டில் கலப்பு மிருகம் ஒன்றுகூட இல்லை, தூய்மை முழுமை பெற்றுவிட்டது. குலவிளக்கருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

மறுநாள் காலை அரசர் மோர் கேட்டார்.

சமையற்காரன் காலி மோர்ப்பானையைக் கவிழ்த்துக் காட்டினான். குலவிளக்கர் கண்ணைக் காட்டினார். தண்டபாணியார் முன்னால் வந்து வணங்கி, விரலை நாக்கில் தொட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டினார்.