தாரகைக்குத் துணைபோன வேன்

ஒரு காட்டில், கேட்டாலும் கிடைக்காத பொருள்கள் ஏராளம். கேட்காமலே கிடைக்கிற பொருள் ஒன்றே ஒன்று, துணை. அந்தக் காட்டில் தாரகை என்றொரு முள்ளம்பன்றிப் பெண் இருந்தாள். மூக்கையும் வயிற்றையும் விட்டால் உடம்பெல்லாம் முள். அவள் நடந்து வந்தால் பாம்பே வழிவிட்டு ஒதுங்கும்.

கறையான்கள் காலிசெய்துவிட்டுப் போன புற்றுகளைப் பல்லாலும் நகத்தாலும் செதுக்கி உருவங்கள் செய்வது அவள் வேலை. மழை வந்து கரைத்துவிட்டுப் போகும். வேறு புற்றைத் தேடிப் போவாள்.

வடக்கே, மலைமேல் ஓர் ஊரில், குளிர்காலம் வந்தால் பனிச்சிற்பத் திருவிழா நடக்கும். ஐஸ்கட்டியில் கோபுரம் கட்டுவார்கள். பனியைக் குவித்துக் கப்பல் செய்வார்கள். புதிதாகச் செதுக்க வருகிறவர்களுக்கென்று தனி மைதானமே உண்டு. தாரகை தன் புற்றுச் சிற்பங்களைப் படம் பிடித்து அங்கே அனுப்பிவைத்தாள். பதில் வந்தது. "வாருங்கள். திருவிழா தொடங்கும் காலையில் மைதானத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பனி வேறொருவருக்குப் போய்விடும்."

'உங்கள் பனி' என்ற இடத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுடையது என்று சொல்ல இதுவரை ஒரு புற்றுகூட இருந்ததில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"தாராளமாப் போ. யாரு வேண்டாம்னா? துணைக்கு யாரு வர்றா?" என்றார் அப்பா.

"யாரும் வேண்டாம்ப்பா. ரயில் இருக்கு. ஏறினா நேரா அங்கதான் போய் நிக்குது."

"தனியாவா! காலம் கெட்டுக் கெடக்கும்மா."

"காலத்தைக் கெடுத்தது யாரு?"

"வேற யாரு? அந்தப் புலிதான்."

"அது போன வருஷம் என் பக்கத்துல வந்துட்டு, மூக்குல முள்ளோட தும்மிக்கிட்டே திரிஞ்சுதே, மறந்துட்டீங்களா? துணை வேணும்னா அதுக்குத்தான் வேணும்."

"எதிர்த்துப் பேசாதே" என்றார் அப்பா. வாதத்தில் தோற்கிறவர்கள் சொல்வதற்கென்றே அந்தக் காட்டில் வைத்திருந்த வாக்கியம் அது.

முயல் மாமா துணைக்குப் போவார் என்று முடிவாயிற்று. காய்ந்த இலை விழுந்தால் புதருக்குள் பாய்கிறவர் முயல் மாமா. ஆனால் ஆண். அதற்கு மேல் தகுதி எதுவும் யாரும் கேட்கவில்லை. தாரகை மட்டும் கேட்டாள்.

"மாமா, வழியில ஏதாவது ஆபத்து வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஓடிருவேன்."

"நான்?"

"நீ முள்ளை விரிச்சுக்கிட்டு நில்லு. உனக்கென்னம்மா பயம்?"

அதற்குள் வேறு கவலை வந்துவிட்டது. வயசுப் பெண் மாமாவோடு தனியாகப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே பெருச்சாளி அத்தையும் வருவாள். அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆகவே சமையலுக்குக் காட்டுப்பன்றி வரும். பன்றிக்கு அண்டா இல்லாமல் கை ஓடாது. அண்டாவைத் தூக்க எருமை அண்ணன். அண்டாவையும் எருமையையும் ரயிலில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே ரயில் வேண்டாம், கரடியின் வேனில் போகலாம். வேன் என்று வந்த பிறகு இடத்தைக் காலியாக விடலாமா? காடே பெயர் கொடுத்தது.

'தாரகை பனிப்பயணம்' என்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் தாரகையைச் சேர்க்கவில்லை. பெரியவர்கள் கலந்து பேசுகிற இடத்தில் சின்னப் பெண்ணுக்கு என்ன வேலை? காலையில் ஆளுக்கொரு ரோஜாப்பூ வாழ்த்து அனுப்பினார்கள். மதியம் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். சாயங்காலம், யாரோ கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்த்தார்கள். புளியோதரை கெடாமல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பனிச்சிற்பத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாகப் புலி ஒரு செய்தி போட்டது. "நம்ம காட்டுப் பொண்ணு வெளியூர் போகுது. நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தானே கேப்பாங்க? பாதுகாப்புக்கு நானே வர்றேன்." குழு முழுக்கக் கும்பிடும் கைகள்.

தாரகை அப்பாவிடம் ஓடினாள். "யாருக்குப் பயந்துப்பா எனக்குத் துணை போட்டீங்க?"

"புலிக்கு."

"இப்போ துணைக்கு வர்றது யாரு?"

"புலி. அது கூடவே இருக்கும்போது வேற புலி கிட்ட வருமா? நீயே சொல்லு."

"காட்டுல இருக்கிறதே ஒரு புலிதானேப்பா!"

"எதிர்த்துப் பேசாதே" என்றார் அப்பா.

புறப்படும் நாள் வந்தது. தாரகை பனிக்கென்று வாங்கிய உளியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது வேன் நிரம்பி வழிந்தது. அப்பா முன் சீட்டில் இருந்தார். புலி பின் சீட்டில் குறுக்கே படுத்திருந்தது. எருமை அண்ணனின் கொம்பில் பைகள் தொங்கின. நடுவில் அண்டா.

"கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நான் ஏறிக்குவேன்" என்றாள் தாரகை.

எல்லாரும் நகர்வதுபோல் அசைந்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

"புது சீட்டும்மா, உன் முள்ளு கிழிச்சிரும்" என்றது கரடி.

"மடியில வெச்சுக்கலாம்னா அதுக்கும் வழியில்லையே" என்று அத்தை வருத்தப்பட்டாள்.

"அந்த அண்டாவை இறக்கி வெச்சா என்ன?" என்று கேட்டாள் தாரகை.

காட்டுப்பன்றி அண்டாவைக் கட்டிக்கொண்டது.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நீ அடுத்த வருஷம் போலாம்மா. இத்தனை பேரு உனக்காகக் கெளம்பி உக்காந்திருக்காங்க. அவங்க மனசு நோகலாமா? வீட்டைப் பாத்துக்க. போட்டோ அனுப்புறோம்."

வேன் கூச்சலும் பாட்டுமாகக் கிளம்பிப் போயிற்று.

தாரகைக்கு வந்த கோபத்தில் முள் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். கேட்க யாரும் இல்லை. சுற்றிப் பார்த்தாள். 'எங்க கெளம்பிட்டே?' என்று கேட்கப் பாதையில் யாரும் இல்லை. 'எப்ப வருவே?' என்று கேட்க வாசலிலும் யாரும் இல்லை. அவள் வழக்கம்போல வாதம் செய்தாள், இந்த முறை தன்னோடு. அனுமதி தர ஆள் இல்லை, சரி. மறுக்க ஆள் இருக்கிறதா? அதுவும் இல்லை. துணை? அது முன்னாலேயே போய்விட்டது.

வளையை அடைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தாள்.

ரயிலில் கூட்டம் நெருக்கியது. தாரகை ஏறியதும் நெருக்கம் கொஞ்சம் குறைந்தது. அவள் உட்கார்ந்ததும் பெஞ்சு முழுவதும் காலியாயிற்று. காலை நீட்டித் தூங்கிக்கொண்டே போனாள்.

வேன் அப்படிப் போகவில்லை. கோயில் கண்ணில் பட்டால் அத்தைக்காக நின்றது. வளைவு வந்தால் முயல் மாமா வாந்தி எடுக்க நின்றது. பசித்தபோதெல்லாம் அண்டாவை இறக்க நின்றது. பிறகு ஏற்ற ஆள் தேட வேண்டியிருந்தது, ஏனென்றால் சாப்பிட்டதும் எருமை அண்ணன் தூங்கிவிடுவார்.

ஒருவழியாக அது மலையேறிச் சேர்ந்தபோது திருவிழா பாதி முடிந்திருந்தது. எல்லாரும் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். புலியும் மாட்டியிருந்தது. பல் கிடுகிடுக்க மைதானத்துக்கு வந்தால், ஒரு சிற்பத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். எட்டிப் பார்த்தார்கள். பனியில் ஒரு வேன். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் பிதுங்கி நின்றன. நடுவில் ஓர் அண்டா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இந்த முயல் என்னை மாதிரியே இருக்கு. ஆனா நான் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாவா தெரியுறேன்?" என்றார் முயல் மாமா.

"புலி மூக்கு தத்ரூபம்" என்றது புலி. பிறகு தன் மூக்கைத் தடவிக்கொண்டது.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ, என்னமாச் செதுக்கியிருக்கு! நம்ம தாரகையும் சுமாராச் செய்வா. பாவம், அவளுக்குக் கொடுத்து வெக்கலை."

பனி வேனுக்குப் பின்னாலிருந்து தாரகை வந்தாள். ஒவ்வொரு முள் நுனியிலும் பனி ஒட்டியிருந்தது.

"கிட்ட வந்து சாயாதீங்கப்பா, உடைஞ்சிரும்" என்றாள்.

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு திறந்த வாயாலேயே கேட்டார். "நீ எப்படி வந்தே?"

"ரயில்ல."

"துணைக்கு யாரு வந்தா?"

தாரகை புலியைக் காட்டினாள். முயல் மாமாவைக் காட்டினாள். அத்தையை, எருமை அண்ணனை, அண்டாவோடு நின்ற காட்டுப்பன்றியைக் காட்டினாள்.

"இத்தனை பேரு வந்திருக்கீங்களேப்பா! இன்னும் யாரு வேணும்?"

அப்பா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். யோசித்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"பாத்தியா அக்கா? துணையோட அனுப்பினாத்தான் பொண்ணு பத்திரமாப் போய்ச் சேரும்னு நான் அப்பவே சொன்னேன்."

நீதி: பெண் தனியாகப் பயணம் போக விரும்பினால், துணைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் முதலில் வேனேற்றி அனுப்பிவிட வேண்டும்.