அப்பாவின் தலைமையில் அப்பாவைப் பற்றிய புகார்

மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் யார் சொன்னாலும், சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இப்பவாச்சும் ஒரு சாரி சொல்லு லா" என்பார்கள். பதினேழு வயதில் சொல்லாததை முப்பது தாண்டிய பிறகு சொல்லிவிடுவேன் என்று எந்த நம்பிக்கையில் கேட்கிறார்களோ, தெரியவில்லை.

மலேசியாவில், கிள்ளானில் நான் ஃபார்ம் ஃபைவ் என்ற பள்ளிக் கடைசி வகுப்பு படித்த வருடம் அது. எஸ்பிஎம் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற பாடங்கள் எப்படியோ ஒப்பேறின, ஆங்கிலம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்றால் பேச வரும், சண்டை போட ரொம்ப நன்றாகவே வரும். தாளில்தான் வராது.

கருத்துணர்தல் என் பரம எதிரி. ஒரு பகுதியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். விடை அதற்குள்ளேயே இருக்கும், எடுத்து எழுதினால் போதும். எனக்கு அது கேவலமாகப் பட்டது. அவர்களே சொல்லிவிட்டதை நான் ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்? ஒரு பயிற்சியில் மிஸ்டர் லிம் என்பவர் பக்கத்து வீட்டுப் பூனையைக் காப்பாற்ற மழையில் வெளியே ஓடுகிறார். அவர் ஏன் வெளியே போனார் என்று கேள்வி. மனைவியோடு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போனார் என்று எழுதினேன். (அந்தப் பகுதியைப் படித்திருந்தால் நீங்களும் அதையே எழுதியிருப்பீர்கள். அந்த அம்மாள் முதல் வரியிலிருந்தே கத்திக்கொண்டிருந்தாள்.)

எங்கள் ஆங்கில ஆசிரியை ரொஹானா டீச்சர் சனிக்கிழமைகளில் மீள்பார்வை வகுப்பு எடுப்பார். என் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உன் கருத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கட்டுரைத் தாளில் போய்ச் சொல்" என்றார். அடுத்த பயிற்சி புகார்க் கடிதம். குடியிருப்பின் குறைகளைச் சொல்லிக் குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் விளக்கம் வேண்டும், எடுத்துக்காட்டு வேண்டும். தெரிந்ததை எழுதினால்தான் கடிதத்தில் உயிர் இருக்கும் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்த குடியிருப்பு எங்கள் பிளாட்தான். எனக்குத் தெரிந்த ஒரே சங்கத் தலைவர் என் அப்பா.

அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். வாரம் முழுக்க 'ஓய் லோரி' என்று கூப்பிடப்பட்ட மனிதரை, ஞாயிற்றுக்கிழமை பிளாட்டில் மட்டும் 'தலைவரே' என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஞாயிறுதோறும் சட்டையை அயர்ன் பண்ணிப் போடுவார். தீபாவளி விருந்தா, பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயமா, அப்பா முன்னால் நிற்பார். ஆனால் லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. எங்கள் வீடு ஏழாவது மாடி. அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து கேஸ் சிலிண்டரை மேலே கொண்டுபோவோம். கீழே சாக்கடை அடைத்து, கார் நிறுத்தும் இடமெல்லாம் கறுப்புத் தண்ணீர். அப்பாவிடம் கேட்டால், "பாத்துக்கலாம் லா" என்பார்.

கோபம் வந்தால் ஆங்கிலம் தானாக வரும் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். எழுதினேன், எழுதினேன், கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். லிஃப்ட், சாக்கடை, மேடை கிடைத்தால் மட்டும் கண்ணில் படும் தலைவர் என்று ஒன்று விடாமல் எழுதினேன். டீச்சர் 'ஏ' போட்டு, பக்கத்தில் 'அபாரமான கற்பனை' என்று எழுதிக் கொடுத்தார்.

ஆங்கிலத்தில் நான் வாங்கிய முதல் 'ஏ'. அதைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்ற தைரியம்தான். (அந்த வயதில் அறிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பல சங்கதிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.)

ஆனால் 'சேர்மன்' என்ற ஒரு சொல்லை மட்டும் அப்பா எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். அவருடைய ரப்பர் முத்திரையில் அது இருந்தது.

"என்னாம்மா இது, பாராவுக்குப் பாரா சேர்மன் சேர்மன்னு வருது? அப்பாவப் பத்தியா எழுதின?"

"ஆமாம்பா."

பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அப்பா அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, ஹேம்பர் பரிசுக்கூடை கொடுப்பது வழக்கம். அது முடிந்ததும் தலைவர் தேர்தல். நானும் அம்மாவும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மினரல் வாட்டர் போத்தல் இருந்தது. அதன் அடியில் என் கடிதம். அப்பா ஃபோட்டோஸ்டாட் எடுத்து எல்லா நாற்காலியிலும் வைத்திருந்தார்.

"எல்லார் கையிலயும் இருக்கட்டும். நீ மைக்ல வாசி" என்றார் சிரித்த முகமாக.

"வேணாம்பா. தொண்ட கட்டியிருக்கு."

"இங்கிலீஷ்ல ஏ எடுத்தவ வெக்கப்படலாமா? வா, வா."

ஓடியிருக்கலாம். ஆனால் ஓடினாலும் கடிதம் நாற்காலியில்தான் இருக்கும். வாசித்தால் துரோகி, ஓடினால் கோழை. கோழையாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. மைக்கைப் பிடித்தேன்.

முதல் பத்தியில் 'சேர்மன்' வந்ததும் மேடையில் இருந்த அப்பா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். லிஃப்ட் விஷயத்தில் சேர்மன் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை என்று இரண்டாவது பத்தியில் வாசித்தேன். மறுபடி எழுந்து கும்பிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாக்கடைப் பத்திக்கு அப்பா கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளையின் ஆங்கிலத்தை ரசிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார். அதைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடி சரோஜா ஆன்டி எழுந்தார். கிளார்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "அண்ணே, கும்புடாதீங்க. உங்களத்தான் திட்டுது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ரொஹானா டீச்சர் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். மொத்த பிளாட்டும் கருத்துணர்தலில் இறங்கியது. "ரெண்டாவது பாராவ பாருங்க தலைவரே, லிஃப்ட்டு." "சாக்கட மூணாவதுல இருக்கு." யாரும் சொந்தச் சரக்கைச் சேர்க்கவில்லை. எல்லா விடையும் தாளிலிருந்தே வந்தது.

அப்பா மைக் இருந்த இடத்துக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது, எடுக்க மறந்துவிட்டார் போல.

"பரீட்சைக்காக கற்பனையா எழுதினதாம்மா? இல்ல நெசமா?"

தப்பிக்க அவரே வழி காட்டினார். 'கற்பனை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். டீச்சரின் கையெழுத்திலேயே சாட்சி இருக்கிறது. அப்பாவின் மானமும் பதவியும் பிழைக்கும். நான் அம்மாவைப் பார்த்தேன். முன்வரிசையில், தைல வாசனையோடு, காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நெசந்தாம்பா. வேணும்னா அம்மா முட்டியக் கேளுங்க."

அம்மா அவசரமாகச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா அம்மாவின் நீட்டிய காலைப் பார்த்தார். பிறகு மைக்கை என் பக்கம் திருப்பி, "மீதியையும் வாசி" என்றார். 'தங்கள் உடனடி நடவடிக்கையை எதிர்பார்க்கும் அக்கறையுள்ள குடியிருப்பாளர்' என்பது வரை வாசித்தேன். எனக்குப் போர்த்த வேண்டிய துண்டை யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து தேர்தல். தலைவர் பதவிக்கு யார் நிற்கிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். அதுவரை பாரா பாராவாகப் பேசியவர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். சரோஜா ஆன்டி, "எனக்கு பிரஷர் இருக்கு" என்றார். அப்பா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வீட்டுக்குப் படியேறினோம். அம்மா பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். ஐந்தாவது மாடி வரை அப்பா வேகமாக ஏறினார். அங்கே கம்பியைப் பிடித்து நின்றார்.

"லிஃப்ட்டு கம்பெனிக்கு நான் போன் அடிக்காத நாளில்ல. பீஜே டவுன்ல ஆபீஸ். எப்ப அடிச்சாலும், 'இங்கிலீஷ்ல இமெயில் போடுங்க அங்கிள்'னு வச்சிடுறான். எனக்கு எழுத வந்தா எழுதியிருக்க மாட்டேனா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"தலைவருக்கு எழுத வராதுன்னு வீட்டுல எப்படிம்மா சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அப்பாவை அப்படிப் பார்க்க முடியவில்லை. ஆனால் வாய் என்னுடைய வாய் அல்லவா? "சொல்லாதது உங்க தப்பு" என்றேன்.

அப்பா என்னை முறைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த ஃபோட்டோஸ்டாட்டை எடுத்து என் கையில் வைத்தார். "சேர்மன எடுத்துட்டு லிஃப்ட்டு கம்பெனியப் போடு. மத்தத மாத்தாத. நல்லா சூடா இருக்குன்னு சரோஜா சொல்லிச்சு."

அன்றே அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். திட்டுவதற்குப் புதிய ஆங்கிலச் சொற்கள் தேவைப்பட்டதால் அகராதியோடு உட்கார்ந்தேன். அதைவிட நல்ல மீள்பார்வை எனக்குக் கிடைக்கவில்லை. எஸ்பிஎம் தொடங்குவதற்குச் சற்று முன்பு லிஃப்ட் ஓடியது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரணமே இல்லாமல் மேலும் கீழும் போய்வந்தார். பரீட்சையில் கருத்துணர்தலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தாளில் இருந்ததை மட்டும் எழுதினேன். கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சியே கிடைத்தது. இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நோட்டீஸ் எழுதும் வேலை. திட்டுவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அப்பா இன்னமும் தலைவர்தான். ஆனால் அன்றிலிருந்து நான் எழுதிய ஆங்கிலம் எதுவாக இருந்தாலும், முதலில் மூன்றாம் மாடிக்குப் போய்த்தான் வெளியே வரும். என் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அப்பா அதைச் சரோஜா ஆன்டியிடம் எடுத்துப் போனார். மாப்பிள்ளையும் கூடவே நின்றார். ஆன்டி கண்ணாடியை மாட்டி, ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தார்.

"பயப்படாதீங்க அண்ணே. இதுல கல்யாணம் மட்டுந்தான் இருக்கு."