டாப்பு பார்த்தால் படுக்காத கம்ப்யூட்டர்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனையோ கம்பெனி, எத்தனையோ இன்ஜினியர். ஆனால் கம்ப்யூட்டரின் தலையைத் தொட்டுப் பார்த்து, "ஜொரம் அடிக்குதே, இன்னா துன்னே?" என்று கேட்டவன் உலகத்திலேயே டாப்பு ஒருவன்தான்.

அவன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் ஆபீசில் நான் பெருக்கித் துடைக்கிறேன். அங்கே கம்ப்யூட்டர் கெட்டால் அவன் வருவான். கறுப்புத் திரையில் 'டாப்' என்று தட்டுவான். உள்ளே ஓடும் வேலைகளில் யார் எவ்வளவு மெமரி தின்கிறார்கள் என்று பட்டியல் ஓடும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் டாப்பு.

"இது லினக்ஸு ஆயா. உழைக்கிற மாடு. சும்மா வுழாது" என்பான். அந்த மாடுதான் தினம் காலை, ஷிப்ட் ஆட்களின் வருகை பதியும் நேரம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். வாசலில் ஒரே கூச்சல்.

டாப்பு ஓடி வருவான். அணைத்துப் போட்டால் ஓடும். பட்டியலில் ஒரு திருடனும் இருக்க மாட்டான். "மெமரி லீக் ஆவுதோ?" என்று ஒருநாள் முனகினான். நான் பக்கெட்டை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

"அது பக்கெட்ல நிக்காது ஆயா" என்றான், சிரிக்காமல்.

மேனேஜருக்குப் பொறுமை போயிற்று. "இன்னொரு தரம் இது படுத்துச்சு, உன்னையும் இதையும் சேத்து வெளிய போட்டுடுவேன்!"

மறுநாளிலிருந்து டாப்பு விடிந்ததும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள் கம்ப்யூட்டர் அசையவில்லை.

"நான் பாத்தா சாமியாட்டம் கீது, போனா வுழுது. நாளைக்கு நான் சிங்கப்பெருமாள் கோவில் ஆபீசுக்குப் போவணும். என் வேலை பூடும் ஆயா."

துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, நீ கொஞ்சம் வெளிய போயேன்."

"ஏன் ஆயா?"

"நீ இருந்தா இதுல பாட்டு வெக்கக் கூச்சமா கீது. மூணு நாளா வெக்கல."

டாப்பு மெதுவாக எழுந்தான். "இன்னா பாட்டு?"

"பெருமாள் பாட்டு. பெருக்கும்போது தெனம் கேப்பேன். முன்ன இருந்த கிளார்க்குப் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு."

"வையி. நான் திரும்பிக்கறேன்." சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

திரையில் இருந்த பாட்டுப் பொம்மையை அமுக்கினேன். இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எப்போதும்போல நீலப் பட்டனை அமுக்கினேன். பாட்டு முடிந்ததும் மேலே இருந்த சின்னக் கோடு ஒன்றை அமுக்கி அதை மறைத்தேன். ஸ்பீக்கரை அணைத்தேன்.

டாப்பு திரும்பி, தட்டி, எண்ணினான். நாற்பத்தோரு பாட்டு! இத்தனை நாள் நான் வைத்ததெல்லாம் மூடாமல், சத்தமில்லாமல், உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அணைத்துப் போட்டாலும், அந்த நீலப் பட்டன் பழையதையெல்லாம் மறுபடி திறந்துவிடுமாம்.

"கோடு போட்டா ஒளிஞ்சிக்கும் ஆயா. பெருக்கல் குறி போட்டாத்தான் மூடும். பெருக்கறவளுக்குப் பெருக்கல் தெரியலயே! உள்ள ஒரு கோயிலே கட்டி வெச்சிக்கீற!"

மேனேஜரிடம், "லீக்கு சார், அடைச்சிட்டேன்" என்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷமாகிறது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் படுக்கவேயில்லை. நானும் மறக்காமல் பெருக்கல் குறி போடுகிறேன். ஆனாலும் பாட்டு வைக்கும் முன்னால் அந்தச் சுவரைப் பார்த்து, "திரும்பிக்கோ தம்பி" என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வேன்.